லாச்சிக்குள் கிடக்கும் போனில் இருந்து வீட்டுக்கு இணையம்

சில கிழமைகளுக்கு முன்னர் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு அக்கா ஒரு போனைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி கொண்டுவந்து மேசையில் வைத்தார். கண்ணாடியில் ஒரு கீறல், பின்மூடி கழராமல் இருக்க இறப்பர் பட்டி, உள்ளே அண்ட்ரொய்ட் 4.4. "தம்பி, இதில் இனி வட்ஸ்அப் வேலை செய்யாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். எறிந்துவிடவா?" என்று கேட்டார். அவருடைய மகள் உயர்தரம் படிக்கிறாள். உறவினர் ஒருவர் கொடுத்த பழைய மடிக்கணினி வீட்டில் இருக்கிறது. ஆனால் இணையம் இல்லை. மாங்குளச் சந்தியில் இருந்து மேற்கே திரும்பி மல்லாவிப் பக்கம் உள்ளே வந்தால், எங்கள் ஒழுங்கை வரை தொலைபேசிக் கம்பி வந்ததே இல்லை.

எறிய வேண்டாம் என்றேன். கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. 2025 ஜனவரியில் வட்ஸ்அப் அண்ட்ரொய்ட் 4.4 ஐக் கைவிட்டது. அன்று குறைந்தது 5.0 வேண்டும் என்றது. ஆனால் வட்ஸ்அப் போனதால் போனே போய்விட்டது என்று முடிவுகட்டுவது அவசரம். அந்தப் போனில் சிம் போடும் இடம் நன்றாக இருக்கிறது, டவரோடு பேசும் பகுதி நன்றாக இருக்கிறது, மேலே 4ஜி என்ற அடையாளமும் தெரிகிறது. அக்காவின் மகளுக்கு வேண்டியதும் அதுதான்.

இப்படி லாச்சிக்குள் கிடக்கும் போன்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது புதுப் போனின் விலையும் அதே ஏணியில் ஏறியது. அதன் பிறகு பழையதை வைத்துச் சமாளிப்பது பழக்கமாகிவிட்டது. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊருக்கு இது ஒன்றும் பெரிய வித்தையல்ல.

டெதரிங் என்றால் என்ன

ஒரு போனுக்கு வரும் இணையத்தை வேறொரு கருவிக்குக் கொடுப்பதை டெதரிங் என்கிறார்கள். மேயும் மாட்டைக் கட்டையில் கட்டிவைக்கும் நீளக் கயிற்றுக்கு ஆங்கிலத்தில் டெதர் என்று பெயர். கணினியைப் போனோடு கட்டிவிடுகிறோம். கயிறு எட்டும் தூரம் வரைக்கும் அது மேயலாம்.

உள்ளே நடப்பதை விளங்கிக்கொள்ள, இடம்பெயர்ந்து திரிந்த காலத்துக் கடிதங்களை நினைத்துப் பாருங்கள். கொட்டிலில் இருந்தவர்களுக்கு ஏது விலாசம்? சந்திக் கடைக்காரரின் பெயரைப் போட்டு, முன்னால் 'மே/பா' என்று எழுதி அனுப்பச் சொல்வார்கள். தபால்காரருக்குக் கடை மட்டும்தான் தெரியும். எந்தக் கடிதம் எந்தக் கொட்டிலுக்கு என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும்.

உங்கள் போன் அந்தக் கடைக்காரரின் வேலையைத்தான் செய்கிறது. தொலைபேசி நிறுவனம் சிம்முக்கு ஒரேயொரு இணைய விலாசம் கொடுக்கிறது. மடிக்கணினியோ, பிள்ளையின் டப்லெட்டோ ஒரு பக்கத்தைக் கேட்டால், போன் அந்தக் கேள்வியைத் தன் பெயரில் வெளியே அனுப்புகிறது. கேட்டது யார் என்று ஒரு கொப்பியில் குறித்துவைப்பதுபோல் தன் நினைவகத்தில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறது. வைஃபை பெட்டிகளுக்குள் நடப்பதும் இதேதான்.

இதில் இருந்து இரண்டு விடயங்கள் தாமாகவே விளங்கும். வீட்டில் எத்தனை பேர் பாவித்தாலும் டேட்டா கழிவது ஒரே சிம்மில். அத்தோடு, எல்லோருடைய கடிதத்தையும் சுமப்பதால் போன் தூங்க முடியாது, அதனால்தான் சூடாகிறது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. பழைய போன் வைத்திருப்பவருக்கு முக்கியமானது அதுதான். கடைக்காரர் கடிதத்தைப் பிரித்து வாசிக்கத் தேவையில்லை. இன்றைய இணையத்தளங்கள் அனுப்பும் பக்கங்கள் பூட்டிய உறைக்குள் வருகின்றன. அந்த உறையைத் திறக்கும் புதிய சாவிகளை அண்ட்ரொய்ட் 4.4 அறியாது. ஆகவே அந்தப் போனிலேயே திறக்கப் பார்த்தால் பல பக்கங்களை மறுத்துவிடும். டெதரிங்கில் உறையைத் திறப்பது மடிக்கணினி. போன் அதைக் கையில் வாங்கி அப்படியே நீட்டுகிறது. வாசிக்கத் தெரியாமல் போன கடைக்காரரும் கடிதத்தைச் சரியான ஆளிடம் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு செயலியாகச் செத்துப்போன போனிலும் டெதரிங் உயிரோடு இருப்பது இதனால்தான்.

அண்ட்ரொய்ட்டில் இந்த வசதி 2010 இல் 2.2 பதிப்போடு வந்தது. ஐபோனில் வைஃபை வழியாகப் பகிரும் வசதி 2011 மார்ச்சில் வந்தது. வன்னியின் உட்பகுதிகளுக்குக் கைத்தொலைபேசி பரவலாக வந்ததே 2009 இற்குப் பிறகு. எனவே உங்கள் லாச்சிக்குள் கிடக்கும் ஸ்மார்ட் போனில் இந்த வசதி இருக்கத்தான் வேண்டும். அதற்கும் முன்னர் நொக்கியாவை வயரில் மாட்டி, கணினியில் *99# என்று 'டயல்' செய்து இணையத்துக்குப் போனவர்கள் உண்டு. ஒரு படம் இறங்கும் முன்னர் தேநீர் ஆறிவிடும்.

வயரா, வைஃபையா

கயிறு மூன்று வகை: யூஎஸ்பி வயர், வைஃபை ஹொட்ஸ்பொட், புளூடூத். புளூடூத்தை முதலிலேயே கழித்துவிடலாம். பழைய போன்களில் அதன் வேகம் ஏட்டளவில் விநாடிக்கு 3 மெகாபிட், கைக்கு வருவது அதிலும் குறைவு. மின்னஞ்சல் பார்க்கப் போதும்.

பலரும் ஹொட்ஸ்பொட்டைத்தான் முதலில் தட்டுவார்கள். நான் பழைய போனுக்கு வயரைத்தான் சொல்வேன். பற்றரி தளர்ந்த போனில் ஹொட்ஸ்பொட் போட்டால் ஒரு பாடம் முடியும் முன்னரே அணைந்துவிடும். வயரில் மாட்டினால் கணினி இணையத்தை வாங்கிக்கொண்டே போனுக்கு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. சாதாரண யூஎஸ்பி துளை தருவது 500 மில்லி அம்பியர்தான். அது போனை வேகமாக நிரப்பாது, ஆனால் இறங்கவும் பெரும்பாலும் விடாது. போன் ஹொட்ஸ்பொட்டை விடக் குறைவாகவே சூடாகும். அயலவர் யாரும் கடவுச்சொல்லைக் கேட்டு வரவும் மாட்டார்கள்.

செய்முறை எளிது. முதலில் வயரை மாட்டுங்கள். பிறகு போனின் அமைப்புகளுக்குள் போய், டெதரிங், ஹொட்ஸ்பொட் என்று எழுதியிருக்கும் பகுதியைத் திறந்து, யூஎஸ்பி டெதரிங் என்பதைத் தட்டுங்கள். சில பழைய போன்களில் அது 'மேலும்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். விண்டோஸ் கணினி முதல் தடவை சற்று யோசித்துவிட்டு, புதிய வலையமைப்பு வந்திருக்கிறது என்று காட்டும். லினக்ஸ் கணினி யோசிப்பதுகூட இல்லை. அப்பிளின் கணினி மட்டும் அண்ட்ரொய்ட் போனை வயரில் எளிதில் ஏற்றுக்கொள்ளாது. அதற்கு வைஃபைதான் வழி.

அக்கா வீட்டில் முதல் நாள் இது வேலை செய்யவில்லை. யூஎஸ்பி டெதரிங் என்ற வரி மங்கலாகவே இருந்தது, தட்டினால் அசையவில்லை. போன்தான் பழுது என்று மகள் முகத்தைத் தொங்கப்போட்டுவிட்டாள். பழுது வயரில் இருந்தது. யூஎஸ்பி வயருக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவு வயர்கள் சிலவற்றில் மின்சாரக் கம்பிகள் மட்டுமே இருக்கும். சார்ஜ் ஏறும், வேறொன்றும் நடக்காது. பெட்டியோடு வந்த பழைய வயரைத் தேடி மாட்டியதும் வரி தெளிந்தது. அந்த வரி மங்கலாக இருந்தால் போனைத் திட்டும் முன்னர் வயரை மாற்றிப் பாருங்கள்.

வீட்டில் இரண்டு மூன்று கருவிகள் இருந்தாலோ, சிக்னல் கிடைக்கும் இடம் கணினியில் இருந்து தூரமாக இருந்தாலோ ஹொட்ஸ்பொட்தான் வேண்டும். சாதாரண யூஎஸ்பி வயருக்கு 5 மீட்டர்தான் எல்லை. ஹொட்ஸ்பொட் போடும்போது பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 ஐத் தெரிவுசெய்து, குறைந்தது 8 எழுத்துள்ள கடவுச்சொல்லை வையுங்கள். திறந்துவிட்டால் பஸ் தரிப்பிடத்தில் நிற்பவர் உங்கள் காசில் படம் பார்ப்பார்.

சிக்னல் விழும் இடம்

வன்னியில் இணையம் மெதுவாக இருப்பதற்குப் பாதிக் காரணம் போன் வைக்கும் இடம். டவர்கள் பெரும்பாலும் ஏ-9 வீதியையும் சிறு நகரங்களையும் ஒட்டி நிற்கின்றன. நடுவில் காடு, குளக்கட்டு, தென்னை. அதற்கும் மேல் எங்கள் வீடுகளில் தகரக் கூரை. உலோகத் தகடு வானொலி அலையைத் திருப்பி அடித்துவிடும். கூரைக்குக் கீழே நடு அறையில் போனை வைத்துக்கொண்டு நிறுவனத்தைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

பட்டைகளை எண்ணி ஏமாற வேண்டாம். போனின் அமைப்புகளில், போனைப் பற்றி என்ற பகுதிக்குள், சிம் நிலை அல்லது வலையமைப்பு என்ற இடத்தில் சிக்னலின் வலு ஓர் எண்ணாக இருக்கும். டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு எழுதியிருப்பார்கள். பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் நல்லது. 4ஜியில் -90 என்றால் மகிழலாம், -115 என்றால் இடம் மாற வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. -110 இற்கும் -100 இற்கும் உள்ள வித்தியாசம் பத்து வீதம் அல்ல, பத்து மடங்கு. மூன்று எண் முன்னேறினாலே வலு இரட்டிப்பாகிறது.

ஆகவே ஒரு பின்னேரம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் நின்று எண்ணைக் குறியுங்கள். டவர் பக்கத்து யன்னல், விறாந்தை, கிணற்றடி, மாமரத்துக் கிளை. உயரம் உதவும். அக்கா வீட்டில் நடு அறையில் -113 காட்டிய போன், வடக்கு யன்னல் விளிம்பில் -98 காட்டியது. மேசையைத்தான் அங்கே நகர்த்தினோம்.

மரத்தில் கட்டித் தொங்கவிடுபவர்களுக்கு ஒரு சொல். நிழலில் கட்டுங்கள். லித்தியம் பற்றரிக்கு 45 பாகை செல்சியசுக்கு மேலான சூட்டில் சார்ஜ் ஏற்றுவது ஆகாது. சித்திரை வெயிலில் கூரைத் தகரத்தடியில் அந்த அளவு எளிதாக வந்துவிடும். போனுக்குப் போட்டிருக்கும் இறப்பர் உறையைக் கழற்றிவிடுங்கள். அது சூட்டைப் போர்வைபோல் பிடித்து வைக்கும். ஹொட்ஸ்பொட் போனாக மாறியதற்கு அசையும் பின்னணிப் படமும் வேண்டாம், பிரகாசமான திரையும் வேண்டாம்.

டேட்டா எங்கே ஒழுகுகிறது

போனில் தனியாகப் பாவித்தபோது ஒரு கிழமை வந்த டேட்டா, கணினியை மாட்டிய அன்றைக்கே தீர்ந்துவிட்டது என்று பலர் சொல்வார்கள். களவு போகவில்லை. கணினி தன்னை வீட்டு வைஃபையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, பின்னணியில் புதுப்பிப்புகளை இறக்குகிறது. விண்டோஸில் அந்த இணைப்பின் பண்புகளுக்குள் போய் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதை இயக்குங்கள். இது அளந்து பாவிக்க வேண்டிய இணைப்பு என்று கணினிக்குச் சொல்வதாக அர்த்தம். பெரும்பாலான பெரிய புதுப்பிப்புகளை அது ஒத்திவைக்கும். வயரில் மாட்டினாலும் இதைத் தனியாகச் செய்ய வேண்டும்.

போனிலும் ஒரு பூட்டு உண்டு. அண்ட்ரொய்ட் 4.0 இல் இருந்தே டேட்டா பாவனை என்ற பகுதியில் எச்சரிக்கை அளவும், தானாக நிறுத்தும் அளவும் வைக்கலாம். 'யூடியூப் மட்டும்', 'வட்ஸ்அப் மட்டும்' என்று விற்கும் பெக்கேஜ்களை நம்பிக் கணினியை மாட்ட வேண்டாம். கணினி கேட்கும் மற்ற எல்லாமே பொது டேட்டாவில் அல்லது முற்பணத்தில் கழியும்.

காணொளியில் 480பி தரம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை ஜிபி. கரும்பலகையைப் பார்க்க அது தாராளம். சூம் வகுப்பில் உங்கள் பக்கத்துப் படத்தை நிறுத்திவிட்டால் பாரம் குறையும். மாணவர்கள் கடந்தகால வினாத்தாள்களையும் பாடநூல்களையும் பார்க்க ஒவ்வொரு தடவையும் இணையத்துக்குப் போகத் தேவையில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலும் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழ் மொழிமூல நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு தடவை இறக்கி வைத்தால் போதும். 2005 இல் தொடங்கிய நூலகம் வலைத்தளத்தில் ஈழத்து நூல்களும் பழைய பத்திரிகைகளும் மின்வடிவில் இருக்கின்றன. வரலாறோ இலக்கியமோ படிக்கும் பிள்ளைக்கு அது பொக்கிஷம்.

போனிலேயே என்ன செய்யலாம்

இணையம் கொடுக்கும் வேலை இல்லாத நேரத்தில் அந்தப் போன் வேறு என்னென்ன செய்யும் என்றும் அக்கா கேட்டார். முதலில் திகதியைப் பார்க்கச் சொன்னேன். நீண்ட நாள் சார்ஜ் இன்றிக் கிடந்த போன் பல வருடங்களுக்கு முந்திய ஒரு திகதியில் விழித்துக்கொள்ளும். இணையத்தளங்கள் தாம் போலியல்ல என்று காட்டும் சான்றிதழ்கள் எல்லாம் 'இன்னும் பிறக்காதவை' என்று நினைத்து எதையும் திறக்க மறுக்கும். திகதி சரியாக இருந்தும் மறுத்தால் காரணம் வேறு. உலகின் ஏராளமான தளங்கள் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசச் சான்றிதழைப் பாவிக்கின்றன. அண்ட்ரொய்ட் 7.1.1 இற்கு முந்திய போன்களுக்கு அதன் மூலச் சான்றிதழ் தெரியாது. அவற்றுக்காக வைத்திருந்த தற்காலிக ஏற்பாடும் 2024 செப்டெம்பர் 30 ஆம் திகதி முடிந்தது. பயர்பொக்ஸ் உலாவி தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தன்னோடு கொண்டுவருவதால் அதன் பழைய பதிப்பு ஒன்று சிலருக்குக் கைகொடுக்கும். ஒபேரா மினி வேறு வழியில் போகும்: பக்கத்தைத் தன் சேவையகத்தில் சுருக்கி அனுப்பும். போன்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாமல் சதுரப் பெட்டிகள் தெரிந்த காலத்தில், தமிழை ஒரு படமாக அனுப்பி எங்களை வாசிக்க வைத்ததும் அந்தச் செயலிதான். மறக்க மாட்டேன்.

கூகுள் தன் பிளே சேவையை 4.4 இற்குப் புதுப்பிப்பதை 2023 இல் நிறுத்திவிட்டது. பிளே ஸ்டோரில் தேடினால் 'உங்கள் கருவிக்குப் பொருந்தாது' என்ற வரியைத்தான் அடிக்கடி காண்பீர்கள். எஃப்-டிரொயிட் என்ற களஞ்சியத்தில் திறந்த மூலச் செயலிகளின் பழைய பதிப்புகளும் கிடைக்கும். யாரோ ஒருவர் அனுப்பும் இணைப்பில் இருந்து செயலி இறக்குவதை விட அது எவ்வளவோ மேல். விஎல்சி பாட்டுக்கும் படத்துக்கும் போதும். அண்ட்ரொய்ட் 5 உம் அதற்கு மேலும் என்றால் ஓர்கானிக் மெப்ஸ் போன்ற வரைபடச் செயலியைப் போட்டு, இலங்கை வரைபடத்தை ஒரு தடவை இறக்கிவிடலாம். ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை. டவரே எட்டாத ஒட்டுசுட்டான், நெடுங்கேணிக் காட்டு வழிகளிலும் நீங்கள் நிற்கும் புள்ளியை அது காட்டும்.

பலர் கவனிக்காதது எஃப்எம். பழைய போன்கள் பலவற்றில் வானொலிச் சில்லு உண்டு. காதுக்கருவியின் வயரே அதற்கு அன்ரெனா. மாரியில் மழை பிடித்து, மின்சாரமும் டவரும் சேர்ந்து விழும் இரவுகளில் அதில் செய்தி கேட்கலாம். சிம் இருந்தால் நோயாளர் காவு வண்டிக்கு 1990, இடர் முகாமைத்துவத்துக்கு 117, பயிர் பற்றிய ஆலோசனைக்கு 1920 என்ற எண்களை மூத்தவர்களுக்குப் பெரிய எழுத்தில் சேமித்துக் கொடுங்கள்.

வங்கிச் செயலியை மட்டும் அதில் போடாதீர்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன போன் பூட்டில்லாத பெட்டி. வங்கி அனுப்பும் ஒருமுறை எண் (ஓடிபி) வரும் சிம்மையும் அதில் வைக்க வேண்டாம்.

லாச்சியில் எதுவும் இல்லாமல், இந்த வேலைக்காகவே பழைய போன் ஒன்றைக் கைமாற்றாக வாங்கப் போகிறவர்கள் 4ஜி உள்ளதா என்று முதலில் பாருங்கள். 3ஜி மட்டும் உள்ள போனை இலவசமாகத் தந்தால் வாங்கலாம். *#06# என்று தட்டினால் 15 இலக்க எண் வரும். ஆங்கிலத்தில் ஐஎம்ஈஐ என்று எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் தட்டி 1909 இற்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அது பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். விற்பவர் முன்னாலேயே அனுப்புங்கள்.

பின்மூடி மேசையில் மட்டமாக இருக்காமல் ஆடத் தொடங்கினால் பற்றரி ஊதுகிறது என்று அர்த்தம். அக்காவின் போனில் இறப்பர் பட்டி போட்டிருந்ததைக் கண்டதும் நான் முதலில் பார்த்தது அதைத்தான். நல்ல வேளை, கொளுக்கிதான் உடைந்திருந்தது. ஊதிய பற்றரியைச் சார்ஜில் போடவும் கூடாது, குத்திப் பார்க்கவும் கூடாது. எங்கள் வளவுகளில் குப்பையைக் கூட்டிக் கொளுத்துவது வழக்கம். அதற்குள் இது போய்விட்டால் வெடிக்கும். மணல் போட்ட ஒரு தகரப் பேணிக்குள் வைத்து, வீட்டுக்கு வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகும் நாளில் போன் திருத்தும் கடையில் கொடுத்து, அதே அளவில் வேறு பற்றரி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பின்மூடி கழரும் போன் என்றால் மாற்றுவது ஒரு நிமிட வேலை.